கண்ணாடிக்காரர் வாபஸ் வாங்கிய புகார்

பிப்ரவரி 9

அன்புத் தங்கச்சிக்கு,

இங்கே நானும் உன் அண்ணியும் கடையும் நலம். அண்ணியின் முழங்கால் மட்டும் நலமில்லை. படி ஏறும்போதெல்லாம் அதற்கு விழ வேண்டிய திட்டு எனக்கு விழுகிறது. உன் உடம்பும் மாப்பிள்ளையின் இருமலும் எப்படி இருக்கின்றன?

போனை விட்டுவிட்டுக் கடிதம் எழுதுவோம் என்று நீ சொன்னபோது உனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். யோசித்துப் பார்த்தால் சரிதான். போனில் நாம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுகிறோம், கேட்க ஆள் இல்லை. காகிதத்தில் யாரும் குறுக்கே விழ முடியாது. அதோடு, கடையில் நான் போனை எடுத்தாலே கவுண்டரில் நிற்கிறவர்கள் குழாய் வாங்க வந்ததை மறந்துவிடுகிறார்கள்.

வியாபாரம் மந்தம். கட்டடம் கட்டுகிறவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கோடவுனின் தெருப்பக்க அறையும் காலியாகவே கிடக்கிறது.

நேற்று ஒரு இஞ்சினியர் வந்தார். உன் தொழிலைப் பற்றிக் கேட்டார். வக்கீல்கள் மேல் புகார் வந்தால் ஒழுங்கு விசாரணைக் குழுவின் முன்னால் நின்று அவர்களுக்காக வாதாடுகிற வக்கீல் என்றேன். "அப்ப வக்கீல் செஞ்ச தப்பையெல்லாம் இல்லைன்னு சொல்றதுதான் வேலையா?" என்றார். அவருக்கு வால்வு விலையில் ஒரு பைசா குறைக்கவில்லை.

இப்போது கையில் என்ன கேஸ்? விவரமாக எழுது. சைக்கிளில் வாஷர் விற்றவனுக்கு இதையெல்லாம் தெரிந்துகொள்ள ஆசை இருக்காதா?

உன் சுகத்தை நினைத்துக்கொண்டிருக்கும்,
அண்ணன்


பிப்ரவரி 26

அன்புள்ள அண்ணா,

நாங்கள் நலம். இருமல் பாதி போய்விட்டது, மீதிப் பாதியை அவர் விடமாட்டேன் என்கிறார். அண்ணியை ஒரு நல்ல டாக்டரிடம் காட்டு. நீயே மருந்துக்கடையில் நின்று வைத்தியம் பார்க்காதே.

கேஸ் கேட்டாய். ஒரு வக்கீல். குரல் பூனை மாதிரி இருக்கும், அதனால் கோர்ட்டில் எல்லாருக்கும் அவர் பூனைக்குரலார். அவருடைய கட்சிக்காரரான ஒரு கடைக்காரர் கடையைக் காலி செய்யச் சொன்ன வழக்கில் தோற்றுப்போனார். மேல்முறையீட்டுக்குக் கெடு இருந்தது. பூனைக்குரலார் அதைப் போடவில்லை. போடாததோடு நிற்காமல், போட்டாகிவிட்டது, நடந்துகொண்டிருக்கிறது என்று மாதக்கணக்கில் ஏமாற்றினார் என்பது புகார். கடைக்காரர் நம்பிக்கொண்டிருந்தபோது ஒருநாள் பூட்டுப் போட்டுவிட்டார்கள்.

இவரைக் கேட்டால், "மேலே போனா நிக்காதுன்னு நேர்லயே சொன்னேம்மா. அவரும் சரின்னாரு" என்கிறார். எழுதி வாங்கினீர்களா என்றேன். இல்லையாம். தோற்றுப்போய் உட்கார்ந்திருக்கிற மனிதரிடம் பேனாவை நீட்டக் கூச்சமாக இருந்ததாம். இந்தத் தொழிலில் கூச்சப்படுகிறவர்கள்தான் எனக்கு வேலை கொடுக்கிறார்கள்.

குழுவில் மூன்று பேர். ஏமாற்றியது உண்மை என்று முடிவு கட்டினால் இவருடைய அங்கியைக் கழற்றிவிடுவார்கள். வேறு தொழில் தெரியாது, வயதும் போய்விட்டது. நான் இவரை நம்புகிறேன், அண்ணா. நம்பிக்கையைக் குழுவிடம் கொடுத்தால் வாங்கிக்கொள்ள மாட்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால் புகார் கொடுத்தவர் உன் ஊர்க்காரர்தான். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவராம். இதற்கு மேல் கேட்காதே.

உங்கள் இருவர் நலமும் வேண்டும்,
தங்கை


மார்ச் 6

அன்புத் தங்கச்சிக்கு,

எல்லாரும் சுகம். டாக்டரிடம் போனோம். அண்ணி எடையைக் குறைக்க வேண்டும் என்றார். அந்த டாக்டரிடம் இனிமேல் போவதில்லை என்று வீட்டில் தீர்மானமாகிவிட்டது.

இந்த ஊரில் கடை பறிபோன கண்ணாடிக்காரர் இரண்டு பேர் இல்லை. நான் போட்டிருக்கும் கண்ணாடியே அவர் கொடுத்ததுதான். இப்போது வீட்டுச் செலவுக்கே திண்டாடுகிறார். பெரிய மகன் கடை கடையாக ஏறி வேலை கேட்கிறான்.

எங்கள் தொழிலில் நடப்பதைச் சொல்கிறேன். ஒருத்தர் ஒழுகுகிற குழாயைத் தூக்கிக்கொண்டு வந்து கடை வாசலில் கத்துகிறார். தப்பு கம்பெனியுடையதா, பிளம்பருடையதா என்று நான் விசாரணை வைப்பதில்லை. உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்துப் புதுக் குழாய் கொடுத்து அனுப்புகிறேன். அவர் அடுத்த வாரம் இன்னும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வருகிறார். புகார் என்பது என்ன? ஒரு மனிதனின் வயிற்றெரிச்சல். வயிறு குளிர்ந்தால் புகார் ஏது?

உன் பூனைக்குரலாரைப் போய் அவரிடம் பேசச் சொல். அவருக்குக் கூச்சமாக இருந்தால் பேசத் தெரிந்த ஆளை அனுப்பலாம்.

யோசித்து எழுது,
அண்ணன்


மார்ச் 14

அன்புள்ள அண்ணா,

நலம். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

கண்ணாடிக் கடை என்று நான் எழுதியது தப்பு. கட்சிக்காரர் விஷயத்தில் ஒரு வரி கூட வெளியே போகக்கூடாது. உனக்கு எல்லாவற்றையும் சொல்லியே பழகியதால் கை நழுவிவிட்டது. அந்த வரியை மறந்துவிடு.

எங்கள் இடத்தில் புகார் கொடுத்தவர் அதற்குச் சொந்தக்காரர் இல்லை. கொடுத்த நிமிஷமே அது குழுவின் கைக்குப் போய்விடுகிறது. அவரே வேண்டாம் என்றாலும் விடமாட்டார்கள். யாரோ போய் அவரைச் சரிக்கட்டினார்கள் என்று தெரிந்தால், செய்யாத தப்பையும் செய்ததாகவே எடுத்துக்கொள்வார்கள். பூனைக்குரலார் கதை அன்றோடு முடிந்தது.

அதனால் அந்தப் பக்கமே போகாதே. அவர் எதிரே வந்தால் கூட வேறு தெருவில் திரும்பிக்கொள்.

அண்ணிக்கு என் அன்பு.
தங்கை


மே 11

அன்புத் தங்கச்சிக்கு,

பதில் தாமதம். கோபித்துக்கொள்ளாதே. வெயில் மண்டையைப் பிளக்கிறது. அண்ணி வேறு டாக்டரிடம் போனாள். இவர் எடையைப் பற்றி வாயே திறக்கவில்லை, ரொம்பக் கெட்டிக்கார டாக்டராம்.

வியாபாரம் கொஞ்சம் தலையெடுத்திருக்கிறது. ஆஸ்பத்திரிக் கட்டடம் ஒன்றுக்குப் பெரிய ஆர்டர். கோடவுன் முன்னறைக்கும் ஆள் வந்துவிட்டார். மரியாதையான மனிதர், சத்தமில்லாத வியாபாரம். வாடகையை நான் கறாராகப் பேசவில்லை. கதவு திறந்திருந்தால் கட்டடத்துக்கே ஒரு களை வருகிறது.

நீ சொன்னபடி எல்லாவற்றையும் மறந்துவிட்டேன். கேஸ் எப்படிப் போகிறது? சொல்லக்கூடியதாக இருந்தால் மட்டும் சொல்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்லவும்.
அண்ணன்


ஜூன் 3

அன்புள்ள அண்ணா,

நாங்கள் நலம். நீங்கள் இருவரும் நலம்தானே?

சொல்லக்கூடியதைச் சொல்கிறேன். ஊருக்கே தெரிந்துவிட்ட விஷயம் என்பதால் ரகசியம் ஒன்றுமில்லை. புகார்க்காரர் வாபஸ் வாங்குவதாகக் குழுவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். காரணம் எழுதவில்லை. பூனைக்குரலார் சந்தோஷத்தில் அழுதார். நான் அழவில்லை.

நான் பயந்தது போலத்தான் ஆயிற்று. குழுத் தலைவர் வாபஸை ஏற்கவில்லை. கடையை இழந்தவர் காரணமில்லாமல் மனம் மாறுவாரா, யார் போய்ப் பார்த்தது, என்ன கொடுத்தது என்று விசாரிக்கப் போகிறார்கள். புகாரை விட வாபஸ்தான் இப்போது பெரிய கேஸ். பூனைக்குரலார் தன் மகள் மேல் சத்தியம் செய்கிறார், தான் அந்தப் பக்கமே போகவில்லை என்று. யாரும் நம்பவில்லை.

தலைவர் என் பக்கம் திரும்பி, "உங்க தரப்புல யாராவது அவரைப் பார்த்தாங்களாம்மா?" என்றார். எழுந்து நின்று, இல்லை என்றேன். துளிக்கூடத் தயங்கவில்லை.

வீட்டுக்கு வந்து உன் பழைய கடிதத்தை எடுத்துப் படித்தேன்.

அண்ணா, உன் கோடவுன் முன்னறையில் என்ன வியாபாரம்?

தங்கை


ஜூன் 15

அன்புத் தங்கச்சிக்கு,

இங்கே எல்லாரும் சுகம். மழை தொடங்கிவிட்டது. ஆஸ்பத்திரி ஆர்டரில் பாதிச் சரக்கு வேறு அளவில் வந்து, அதை மாற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. லாரிக்காரரோடு சண்டை. அண்ணி காலையில் மொட்டைமாடியில் நடக்கிறாள். கூடவே நானும் நடக்க வேண்டியிருக்கிறது.

முன்னறையில் என்ன, எல்லாரும் செய்கிற சில்லறை வியாபாரம்தான். நீ எதையாவது நினைத்துக்கொண்டு உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. நேரத்துக்குச் சாப்பிடு.

அண்ணன்


ஜூன் 19

அண்ணா,

மூக்குக்கண்ணாடியா?


ஜூலை 2

அன்புத் தங்கச்சிக்கு,

ஆமாம்.

இனிச் சுற்றி வளைக்கவில்லை. ஏப்ரலில் அவரைக் கடைக்குக் கூப்பிட்டேன். அறை காலியாக இருக்கிறது, வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள், வாடகை ஓடுகிறபோது கொடுங்கள் என்றேன். அவரும் வியாபாரிதானே, பதிலுக்கு நான் என்ன எதிர்பார்க்கிறேன் என்று கேட்டார். வக்கீல் மேல் கொடுத்ததை வாபஸ் வாங்குங்கள், ஏன் என்று கேட்காதீர்கள் என்றேன். நான் உனக்கு அண்ணன் என்று அவருக்கு இன்றுவரை தெரியாது.

மனிதர் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். டீ ஆறிப்போயிற்று. அப்புறம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், உனக்குத் தேவைப்படும்.

"அந்த வக்கீல் ஏமாத்தலைங்க. நிக்காது, வேற இடம் பாருங்கன்னு நேராவே சொன்னாரு. நானும் சரின்னுட்டு வந்தேன். வீட்டு வாசல்ல பசங்க ரெண்டு பேரும் நிக்கிறாங்க. அப்பீல் போட்டாச்சாப்பான்னு கேட்டாங்க. போட்டாச்சுன்னுட்டேன். அப்புறம் எப்ப கேட்டாலும் அடுத்த வாய்தா, அடுத்த வாய்தான்னு சொல்லிட்டே இருந்தேன். பூட்டுப் போட்ட அன்னிக்கு, வக்கீல் கவுத்துட்டான்னு வாயில வந்துருச்சு. பசங்களே புகாரை எழுதிக் கையில கொடுத்தாங்க. கையெழுத்துப் போடாம எப்படி இருக்கிறது?"

வாபஸ் வாங்க அவருக்கே ஆசை. பசங்களிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் இருந்தவருக்கு நான் ஒரு காரணம் கொடுத்தேன்: கடை கிடைத்தது, பழைய சண்டை எதற்கு என்று.

வாபஸோடு எல்லாம் முடிந்துவிடும், நீயும் ஜெயித்துவிடுவாய் என்று நினைத்தேன். ஜூன் கடிதம் வந்ததும்தான் நான் செய்து வைத்திருப்பது புரிந்தது. கண்ணாடிக்காரர் சொன்னதை நான் வெளியே சொன்னால் உன் கட்சிக்காரர் தப்புவார், நீ மாட்டிக்கொள்வாய். சொல்லாவிட்டால் நீ தப்புவாய். சொல்லாமல் இருந்தேன். இதில் எனக்கு யோசனை கூட இல்லை. உன் பூனைக்குரலார் எனக்கு யார்?

இப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. நான் வந்து குழுவிடம் சொல்கிறேன். கண்ணாடிக்காரர் புகார் கொடுத்தது கடைத்தெருவில் காதில் விழுந்தது, பாவப்பட்டுப் போய்ப் பேசினேன் என்பேன். உன் பெயர் எங்கேயும் வராது. நம்புகிற மாதிரி சொல்வேன். அது ஒன்றும் எனக்குப் புதிது இல்லை.

உன் அண்ணன்


ஜூலை 10

அண்ணா,

உன் கடிதத்தை ஆபீஸில் நின்றபடியே படித்தேன். உட்கார மறந்துவிட்டது.

முதலில் பூனைக்குரலாரைக் கூப்பிட்டுச் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். "உங்களுக்கு என்னம்மா ஆகும்?" என்று அந்தக் குரலில் கேட்டார். அவர் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவருடைய வக்காலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வேறொருவர் நடத்துவார்.

பிறகு குழுவுக்கு எழுதினேன். புகார்க்காரர் யார் என்பதை என் அண்ணனுக்குத் தெரிவித்தவள் நான். உங்கள் முன்னால் நின்று இல்லை என்று சொன்னது தவறு. என் அண்ணனை விசாரித்தால் புகாரைப் பற்றிய உண்மையும் வெளியே வரும். இவ்வளவுதான் எழுதினேன்.

உனக்குச் சம்மன் வரும். கடைத்தெருக் கதை வேண்டாம். என்னிடம் வருகிற ஒவ்வொரு வக்கீலும் முதல் நாள் இப்படி ஒரு கதையோடுதான் வருகிறார்கள். எல்லாம் நம்புகிற மாதிரிதான் இருக்கும். அதை அவர்களிடமிருந்து பிடுங்கி எறிவதுதான் இத்தனை வருஷமாக என் வேலை. எனக்காக நீ ஒரு கதை சொன்னாய் என்றால் அதற்கப்புறம் யாரிடமிருந்தும் என்னால் பிடுங்க முடியாது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். போகாதே என்று நான் எழுதினேனே, அதை நீ எப்படிப் படித்தாய்?

தங்கை


ஆகஸ்ட் 20

அன்புத் தங்கச்சிக்கு,

வீடு வந்து சேர்ந்தேன். உடம்பு பரவாயில்லை. உனக்கு எப்படி இருக்கிறதோ தெரியவில்லை. விசாரணை அன்றைக்கு உன் முகத்தைப் பார்த்துக் கேட்க வாய் வரவில்லை.

முதலில் நீ கேட்டதற்குப் பதில். என் கடையில் நான் எந்த விலை சொன்னாலும் முதலில் முடியாது என்பார்கள். நானும் சொல்வேன். முடியாது என்றால் பேச்சு தொடங்கிவிட்டது என்று அர்த்தம். உன் 'போகாதே'யையும் அப்படித்தான் படித்தேன். சைக்கிள் காலத்திலிருந்து அப்படிப் படித்தே பிழைத்தவன். என் தங்கச்சி முடியாது என்றால் முடியாதுதான் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

விசாரணை அறையை நான் பெரிய கோர்ட் மாதிரி நினைத்திருந்தேன். நீள மேஜை, பிளாஸ்டிக் நாற்காலி, ஆடிக்கொண்டே சுற்றும் ஃபேன். நீ வக்கீல்கள் பக்கம் இல்லை. சுவரோரப் பெஞ்சில், அங்கி இல்லாமல் உட்கார்ந்திருந்தாய். உன்னை அப்படிப் பார்த்ததே இல்லை.

நடந்ததை எல்லாம் கேட்டார்கள், சொன்னேன். பிறகு மூவரில் இளையவர், "புகார் கொடுத்தவர் இவர்தான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார். உண்மையைச் சொல்கிறேன், கடைத்தெருக் கதை நாக்கு நுனியில் இருந்தது. அடக்க விலையே இதுதான் என்று கண் இமைக்காமல் ஆயிரம் பேரிடம் சொன்ன நாக்கு. உன்னைப் பார்த்தேன். நீ என்னைப் பார்க்கவில்லை, ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"என் தங்கச்சி எழுதியிருந்தாங்க" என்றேன்.

உன்னை 'ங்க' போட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

பிறகு கண்ணாடிக்காரரை எழுப்பினார்கள். பசங்கள் இரண்டு பேரும் கதவோரம் நின்றது நீயும் பார்த்தாய். "இவரு பொய் சொல்றாருப்பா, இல்லைன்னு சொல்லு" என்று பெரியவன் சொன்னதும் கேட்டிருக்கும். மனிதர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொள்ளாமலே, "அவரு சொல்றது சரிதாங்க" என்றார்.

உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். பசங்கள் அவரை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அவரும் நானும் ஒரே பஸ்ஸில் திரும்பினோம். பக்கத்துப் பக்கத்து இடம். வழியில் டீக்கு நிறுத்தியபோது இறங்கலாமா என்றேன். வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினார். மறுநாள் அறைச் சாவியை என் மேஜையில் வைத்தார். வாடகை வேண்டாம், இருங்கள் என்றேன். "நீங்க நல்லதுதான் செய்ய நினைச்சீங்க. இனிமே யாருக்கும் செய்யாதீங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை.

வாசலில் நான் உன்னிடம் வந்தபோது, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, கிளம்பு என்றாய். அவ்வளவுதான் சொன்னாய். உன்னை என்ன செய்யப் போகிறார்கள்? பெரிய வக்கீலாகப் பார்த்து வைத்துக்கொள், செலவை நான் பார்க்கிறேன் என்று எழுத ஆரம்பித்தேன். அண்ணி தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டு, "மறுபடியுமா?" என்றாள். அதை அடித்துவிட வேண்டியதுதான், ஆனால் உனக்கு எழுதுவதில் எதையும் இனி அடிப்பதில்லை என்று விட்டுவிட்டேன்.

எல்லாவற்றையும் விவரமாக எழுது. திட்டுவதென்றாலும் விவரமாகத் திட்டு.

உன் அண்ணன்


டிசம்பர் 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே இருவரும் நலம். நீங்களும் அண்ணியும் நலம்தானே? உங்கள் கடிதங்கள் எல்லாம் வந்து சேர்ந்தன.

பூனைக்குரலார் மேலிருந்த புகார் தள்ளுபடி ஆகிவிட்டது. எனக்குக் கண்டனம் விதித்துப் பதிவேட்டில் எழுதியிருக்கிறார்கள். தொழில் செய்யத் தடை இல்லை.

இங்கே குளிர் அதிகம். அவருக்கு இருமல் திரும்ப வந்திருக்கிறது. அண்ணியைக் காலை நேரத்தில் மாடியில் நடக்க வேண்டாம் என்று சொல்லுங்கள், வெயில் ஏறியபின் நடக்கட்டும்.

போன வாரம் ஒரு வக்கீல் வந்தார். அவருடைய கேஸை எடுத்துக்கொண்டிருக்கிறேன். மற்றபடி எழுத ஒன்றுமில்லை.

தங்கை